வேப்பேரி ஐயரும் நவாப் வீட்டுக் கடனும்

பழவேற்காட்டைப் பற்றிப் போன மாதம் எழுதிய பதிவில், 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அங்கே போய்த் தஞ்சம் புகுந்த ஒரு ஜெர்மன் பாதிரியாரைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். "யார் சார் அவர்? அப்புறம் என்ன ஆனார்?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். அவர் பெயர் யோவான் பிலிப் பப்ரீசியஸ். புரசைவாக்கத்தில் பப்ரீசியஸ் பள்ளிக்கூடம் இருக்கிறதே, அந்தப் பப்ரீசியஸ்தான். அப்புறம் என்ன ஆனார் என்பதை இரண்டு வரியில் சொல்ல முடியாது.

சுருக்கமாகச் சொன்னால், தமிழுக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் அவ்வளவு செய்த மனிதர், வயதான காலத்தில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். ஊதாரித்தனத்தால் அல்ல, குடியால் அல்ல, திருட்டால் அல்ல. சபைப் பணத்தை வட்டிக்கு விட்டதால்.

கோயில் பணம், சபைப் பணம், காணிக்கைப் பணம் என்று பேச்சு வந்தாலே நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நாம் கேட்கக் கூடாது" என்பது ஒரு கட்சி. "எல்லாரும் திருடர்கள்" என்பது இன்னொரு கட்சி. பப்ரீசியஸ் கதை இந்த இரண்டு கட்சிக்கும் பதில் சொல்கிறது. அதனால்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எப்படிப்பட்ட மனிதர்

பப்ரீசியஸ் 1711-இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742-இல் சென்னை மிஷனுக்கு மாற்றப்பட்டார். அதன்பின் கடைசி வரை சென்னைதான். ஊருக்கு ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது டச்சுக்காரர் கையில் இருந்த பழவேற்காட்டுக்குப் போனார். நம் வள்ளூரிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாக இன்று பஸ்ஸில் போகிற அதே பழவேற்காடுதான். அங்கே டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டை அப்போது நல்ல நிலையில் இருந்தது.

1749-இல் சென்னை மறுபடியும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கத்தோலிக்கர்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்ற சந்தேகத்தில், வேப்பேரியில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் கட்டியிருந்த சிற்றாலயத்தைக் கம்பெனி பறித்துப் பிறகு இந்த மிஷனுக்குக் கொடுத்தது. உஸ்கான் யாரென்று சைதாப்பேட்டைக்காரர்களுக்குத் தெரியும். அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தை 1726-இல் தன் சொந்தக் காசில் கட்டியவர். பரங்கிமலைக்குப் படி அமைத்தவரும் அவரே. இப்படிப்பட்ட தர்மவானின் ஆலயம் அரசியல் காரணத்துக்காகக் கை மாறியது ஒரு வருத்தமான சங்கதி. அந்த இடத்தில்தான் இன்றைக்குப் புனித மத்தியா ஆலயம் நிற்கிறது.

அங்கே உட்கார்ந்து பப்ரீசியஸ் செய்த வேலைதான் பெரியது. 1761-இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது கிடைத்த அச்சுயந்திரம் அவர் பொறுப்பில் வந்தது. கம்பெனியின் அச்சு வேலையை முதலில் முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. மிச்ச நேரத்தில் அவர் தமிழ் அச்சடித்தார். 1772-இல் புதிய ஏற்பாடு. 1779-இல் சுமார் 9,000 சொற்களோடு தமிழ் – ஆங்கில அகராதி. நடுவே ஞானப்பாட்டுப் புத்தகம். பழைய ஏற்பாட்டை மொழிபெயர்த்து முடித்தார். அது முழுவதும் அச்சாகி வந்தது 1796-இல், அவர் இறந்து 5 ஆண்டு கழித்து. பின்னால் வந்த தமிழ் வேதாகமங்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அவர் போட்ட பாதையில்தான் நடந்தன. லுத்தரன் சபைகளில் இன்றும் பாடுகிற பழைய ஞானப்பாட்டுகளில் பல அவர் தமிழில் தந்தவை.

இந்த மனிதரைப் பேராசைக்காரர் என்று யாராலும் சொல்ல முடியாது. தனக்கென்று எதையும் சேர்த்தவரல்லர். அப்படியிருந்தும் சிறைக்குப் போக நேர்ந்தது எப்படி?

சென்னை முழுவதும் வட்டிக்கடை

அந்தக் காலத்துச் சென்னையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768-இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடிவந்துவிட்டார். யுத்தச் செலவு, கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பாக்கி, அரண்மனைச் செலவு எல்லாவற்றுக்கும் கடன். கொடுத்தவர்கள் யார்? கம்பெனி உத்தியோகஸ்தர்களே. சம்பளம் சில நூறு பவுண்டு வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் நவாபுக்குக் கடன் கொடுத்தார்கள். வட்டி ஆண்டுக்கு 20, 25 விழுக்காடு, சில பத்திரங்களில் அதற்கும் மேல். வட்டிக்குப் பதிலாகக் கிராமங்களின் நிலவரியையே எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த வரியை வசூலித்தபோது அடிபட்டவன் ஆற்காட்டிலும் தஞ்சாவூரிலும் இருந்த குடியானவன்.

பால் பென்பீல்டு என்ற கம்பெனி ஊழியர் தனக்கு வரவேண்டியது சுமார் 2,30,000 பவுண்டு என்று கணக்குக் காட்டினார். அந்தக் கடனை அடைக்கத் தஞ்சை நாட்டு வருமானத்தையே கேட்டார். அதை ஒத்துக்கொள்ளாத கவர்னர் பிகட்டை 1776-இல் அவருடைய சொந்தக் கவுன்சில்காரர்களே கைதுசெய்து வைத்தார்கள். 1777-இல் காவலிலேயே அவர் இறந்துபோனார். ஒரு கவர்னரையே காவலில் வைக்கும் அளவுக்கு அந்த வட்டிப் பணத்துக்குப் பலம் இருந்தது. 1785-இல் எட்மண்டு பர்க் லண்டன் பாராளுமன்றத்தில் நவாபின் கடன்களைப் பற்றிப் பேசிய பேச்சு புகழ்பெற்றது. பிற்பாடு இந்தக் கடன்களை விசாரிக்க ஒரு கமிஷன் வைத்தார்கள். 3 கோடி பவுண்டுக்கு மேல் வந்த கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்குகூட உண்மை என்று ஏற்கப்படவில்லை.

ஊரே இப்படி இருக்கும்போது, பாதுகாப்பான இடம் என்று எல்லாரும் நம்பியது நவாப் வீட்டுப் பத்திரம். "நவாப் ஓடியா போய்விடுவார்?" என்பதுதான் அன்றைய பேச்சு.

சபைப் பணம் போன வழி

வேப்பேரி மிஷனுக்கு லண்டனிலிருந்தும் ஹாலேயிலிருந்தும் பணம் வரும். கப்பல் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. யுத்த காலத்தில் பல மாதம் தாமதமாகும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும், உபதேசிமாருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆகவே கையில் இருக்கும் தொகையைச் சும்மா வைக்காமல் வட்டிக்கு விட்டால் வட்டியில் மிஷன் நடக்கும் என்ற யோசனை. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

அடுத்த படி இன்னும் சுலபமாக வந்தது. பாதிரியார் யோக்கியர் என்பது ஊருக்குத் தெரியும். எனவே பலர் தங்கள் சேமிப்பை அவரிடம் ஒப்படைத்தார்கள். அந்தப் பணமும் சபைப் பணமும் சேர்ந்து நவாப் குடும்பத்தைச் சார்ந்தவர்களுக்குக் கடனாகப் போனது. பப்ரீசியஸ் புத்தகத்திலும் மொழியிலும் மூழ்கியிருந்தவர். கொடுக்கல் வாங்கல் விவகாரத்தில் அவருக்குப் பழக்கமில்லை, நம்பிக்கைக்குரிய ஆள் என்று நினைத்தவர்களின் சொல்லைக் கேட்டு நடந்தார். அசல் திரும்பவில்லை. பணம் போட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். அந்தக் காலச் சட்டப்படி கடனைக் கட்டாதவனுக்குச் சிறை. வேதாகமத்தைத் தமிழில் தந்த கிழவர் சிறைக்குப் போய் வந்தார்.

1788-இல் மிஷன் பொறுப்பைக் கெரிக்கே ஐயரிடம் ஒப்படைத்தார். 1791 ஜனவரியில், 80 வயதில் இறந்தார்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். அவர் செய்த தவறு "ஆசை" அல்ல, "கலப்பு". சபைப் பணம் வேறு, ஊரார் பணம் வேறு, தன் பொறுப்பு வேறு என்று மூன்று பெட்டி வைக்காமல் ஒரே பெட்டியாக வைத்தது. பிறகு அந்தப் பெட்டியின் சாவியையும் கணக்கையும் கேட்க ஆளில்லாமல் போனது. ஊர்க்காரனின் பேராசை அவர் வழியாகச் சபைக்குள் வந்துவிட்டது. யோக்கியமான ஆள் நடுவில் இருந்ததால் யாரும் அதைப் பேராசை என்று அடையாளம் காணவில்லை.

தஞ்சாவூரில் வேறு மாதிரி

அதே காலம், அதே மிஷன் கூட்டம், அதே ஜெர்மன் நாட்டிலிருந்து வந்த இன்னொருவர் ஸ்வார்ட்ஸ் ஐயர். 1750-இல் வந்தவர். பெரும்பாலும் திருச்சியிலும் தஞ்சாவூரிலுமாக 48 ஆண்டு இந்த நாட்டில் இருந்து 1798-இல் இறந்தார். இவருக்கும் பணம் பக்கத்திலேயே இருந்தது. நவாபைவிடப் பெரிய இடத்தில் பழக்கம். தஞ்சை ராஜா துளஜா அவருக்கு நண்பர், இளவரசர் சரபோஜிக்கு அவரே காப்பாளர் போல.

1779-இல் மைசூர் ஐதர் அலியிடம் தூது போக ஒருவரைக் கம்பெனி தேடியது. கம்பெனி அதிகாரிகளை ஐதர் நம்பவில்லை, இந்தப் பாதிரியாரை நம்பினார். ஸ்வார்ட்ஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் போய் வந்தார். வழிச்செலவுக்கு என்று ஐதர் 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். திருப்பிக் கொடுத்தால் மரியாதைக் குறைவாகும் என்று சொன்னதால் வாங்கிக்கொண்டு வந்து, சென்னையில் அப்படியே அரசாங்கத்திடம் கட்டினார். "நீரே வைத்துக்கொள்ளும்" என்றபோது, அதைத் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்துக்கு முதலாகப் போடக் கேட்டுக்கொண்டார். தன் கையில் அந்தக் காசு நிற்கவில்லை.

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு அடுத்த சம்பவம். ஐதரின் படையெடுப்பில் தஞ்சாவூர் முற்றுகைக்கு ஆளாகிப் பஞ்சத்தில் தவித்தது. கோட்டைக்குள் படைவீரர்கள் பட்டினி. சுற்றுப்புறத்தில் நெல் இருந்தது, ஆனால் குடியானவர்கள் கொண்டுவரவில்லை. முன்பு கொண்டுவந்தபோது விலை கொடுக்காமல் அதிகாரிகள் ஏமாற்றியிருந்தார்கள். ராஜா சொல்லியும் நம்பவில்லை, கம்பெனி சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் ஸ்வார்ட்ஸ் தன் பெயரில் கடிதம் எழுதினார். விலைக்கு நான் பொறுப்பு என்றார். இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. கோட்டை பிழைத்தது. வாக்குக் கொடுத்தபடி ஒவ்வொருவருக்கும் பணம் போய்ச் சேரும்வரை அவர் பின்தொடர்ந்தார்.

80,000 கலம் நெல்லை வரவழைத்தது 300 ரூபாயைத் தொடாத கை என்று நான் நினைப்பேன். குடியானவனுக்கு வேதசாஸ்திரம் தெரியாது. எந்தக் கை சுத்தம் என்று தெரியும்.

இன்றைக்கும் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்தில் ஸ்வார்ட்ஸின் நினைவுச் சிற்பத்தைப் பார்க்கலாம். கம்பெனியே செலவு செய்து ஜான் பேகன் என்ற சிற்பியைக் கொண்டு செய்வித்தது. தஞ்சாவூரில் இன்னொன்று இருக்கிறது, சரபோஜி மன்னர் லண்டனிலிருந்து பிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் செய்து வரவழைத்தது. தலைமைச் செயலகம் பக்கம் வேலையாகப் போகிறவர்கள் ஒரு எட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பழைய பாடம்தான்

இந்த ஆபத்து கிறிஸ்தவ சபைக்குப் புதிதல்ல. பன்னிரண்டு சீடர்களில் பணப்பை யாரிடம் இருந்தது என்று நமக்குத் தெரியும். அப்போஸ்தலர் காலத்திலேயே சீமோன் என்ற மாயக்காரன் பரிசுத்த ஆவியின் வரத்தைக் காசுக்குக் கேட்டு, பேதுருவிடம் சாபம் வாங்கினான். திருப்பட்டத்தையும் பதவியையும் விலைக்கு வாங்குவதற்கு ஐரோப்பிய மொழிகளில் இன்றும் அந்தச் சீமோன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 451-இல் கல்சிதோன் சங்கம் அதற்குத் தண்டனையே எழுதிவைத்தது.

பவுல் செய்த காரியம் என்னை எப்போதும் வியக்கவைக்கும். எருசலேமின் ஏழைகளுக்காகப் பல சபைகளில் காணிக்கை சேர்த்தார். அவரை யார் சந்தேகப்படப்போகிறார்கள்? ஆனாலும் தனியாக எடுத்துக்கொண்டு போகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களைக் கூடவே அழைத்துப் போனார். கடவுள் முன்பாக மட்டும் அல்ல, மனிதர் முன்பாகவும் காரியம் சரியாக இருக்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதினார். நாற்பது வருடம் துறைமுகத்துக் கணக்குப் பிரிவில் பேரேடு புரட்டிய எனக்கு இதைவிட நல்ல தணிக்கை விதி இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆதிச் சபையின் பழைய கைநூல் ஒன்று உண்டு. திதாகே என்று பெயர். ஏறக்குறைய 1,900 ஆண்டு பழையது. தொலைந்துபோயிருந்தது, 1873-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கையெழுத்துப் படி அகப்பட்டது. ஊருக்கு வரும் ஊழியக்காரனை எப்படிச் சோதிப்பது என்று அதில் இருக்கிறது. ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் இருந்தால் அவன் கள்ளன். போகும்போது அடுத்த ஊர் வரைக்கும் ரொட்டி கொடுங்கள். பணம் கேட்டால் கள்ளன். எவ்வளவு எளிய சோதனை பாருங்கள்! டிவியில் இரவு முழுக்க வங்கிக் கணக்கு எண் ஓடவிட்டுப் பிரசங்கம் செய்கிறவர்களை இந்தத் தராசில் வைத்தால் எத்தனை பேர் தேறுவார்கள்?

பப்ரீசியஸ் சேர்ந்த லுத்தரன் சபையே ஒரு பணத் தகராறில் பிறந்ததுதான். மைன்ஸ் நகரத்து ஆல்பிரெக்ட் பேராயர் பதவிக்காக பூகர் என்ற வட்டிக்கடைக் குடும்பத்திடம் கடன் வாங்கினார். அந்தக் கடனை அடைக்கவும் ரோமில் புனித பேதுரு ஆலயம் கட்டவும் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள். அதை எதிர்த்து 1517 அக்டோபர் 31 அன்று லுத்தர் 95 கருத்துகளை வெளியிட்டார். அந்த லுத்தர் வழிவந்தவர் 250 ஆண்டு கழித்து வேப்பேரியில் வட்டிப் பத்திரத்தில் மாட்டினார். எந்தச் சபையும் "எங்களுக்கு இது வராது" என்று சொல்ல முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கத்தோலிக்கர் பக்கமும் அப்படியே. முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், 1544, 45-ஆம் ஆண்டுக் கடிதங்களில் மதம் மாறாதவர்களைப் பற்றி எழுதியதைவிடத் தன் போர்த்துகீசிய அதிகாரிகளின் கொள்ளையைப் பற்றித்தான் கசந்து எழுதினார். திருடுவது என்ற ஒரு வினைச்சொல்லுக்கு இவர்கள் புதிது புதிதாகக் காலமும் இடமும் கண்டுபிடிக்கிறார்கள் என்று இலக்கணத்தை வைத்தே கேலி செய்தார். ஞானஸ்நானம் கொடுத்த கையோடு மீனவனின் முத்தையும் பிடுங்கினால் அவன் எந்த தேவனை நம்புவான் என்பதுதான் அவர் துயரம். இது பழங்கதை என்றும் விட முடியாது. 2023 டிசம்பரில் வத்திக்கான் நீதிமன்றம் ஒரு கர்தினாலுக்கே சிறைத் தண்டனை விதித்தது. லண்டனில் ஒரு கட்டடத்தில் சபைப் பணத்தை முதலீடு செய்த விவகாரம். அவர் குற்றத்தை மறுத்து மேல்முறையீடு செய்தார். வேப்பேரிக்கும் வத்திக்கானுக்கும் நடுவில் 240 வருடம். விஷயம் ஒன்றேதான்.

நம் பக்கத்துக் கதை

ராயபுரத்துக்காரர்களுக்கு இராயப்பர் கோயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இராயப்பர் என்றால் பேதுரு. ஊருக்கே அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது என்பார்கள். அந்தக் கோயிலை 1820-களின் கடைசியில் கட்டியது எந்த ராஜாவும் அல்ல, கம்பெனியும் அல்ல. மசூலா படகு வலித்த கிறிஸ்தவப் படகுக்காரர்கள். துறைமுகம் கட்டாத காலம் அது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகில் அலையைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் இறக்கிக் கரை சேர்க்க வேண்டும். ஒவ்வொரு நடையும் உயிரோடு விளையாட்டு. அந்தக் கூலியில் ஒரு பங்கை ஒதுக்கிச் சேர்த்து எழுப்பிய கோயில் அது. பிறகு துறைமுகம் வந்தது, படகுத் தொழில் போனது. கோயில் நிற்கிறது.

கூலியிலிருந்து ஒதுக்கிய காசுக்கும் நவாப் வீட்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை யோசியுங்கள். படகுக்காரன் கொடுத்த காசு எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். கொடுத்தவனும் கூட இருந்து பார்த்தவன். எங்கே போனது என்று தலைநிமிர்ந்து பார்த்தால் சுவர் தெரியும். நவாப் வட்டி எங்கிருந்து வந்தது? ஏதோ ஒரு கிராமத்தில் குடியானவனின் களத்திலிருந்து. வேப்பேரியில் ஞானப்பாட்டுப் பாடியவர்கள் யாருக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாரும் முயலவில்லை.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். 1990-களில் சென்னை முழுக்க நிதி நிறுவனங்கள் முளைத்தன. 24 விழுக்காடு, 30 விழுக்காடு வட்டி. எனக்குத் தெரிந்த ஒரு சபை, பெயர் வேண்டாம், கட்டட நிதியைக் கொண்டுபோய் அப்படி ஒன்றில் போட்டது. கமிட்டியில் ஒரு பெரியவர் மட்டும், பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுந்து நின்று, "ஏம்பா, இவ்வளவு வட்டி கொடுக்கிறவன் அந்தக் காசை எங்கேயிருந்து கொண்டுவர்றான்னு கேட்டீங்களா?" என்றார். "ஐயா, நல்ல காரியத்துக்குத்தானே" என்று அவரை உட்காரவைத்துவிட்டார்கள். இரண்டு வருடத்தில் நிறுவனம் ஷட்டரை இறக்கிவிட்டது. வீட்டு வேலை செய்யும் அம்மாக்கள் மாதம் பத்தும் இருபதுமாகக் கொடுத்த பணம் அது. பணம் போட்ட கமிட்டியில் யாரும் ஒரு பைசா திருடவில்லை. ஆனால் அந்த அம்மாக்களில் சிலர் அதற்குப் பிறகு கோயில் படி ஏறவில்லை. போன காசு எவ்வளவு என்று கணக்கில் இருக்கிறது. போன ஆட்களுக்குக் கணக்கே இல்லை.

"நல்ல காரியத்துக்குத்தானே" என்ற அந்த வார்த்தையைத்தான் பப்ரீசியஸும் தனக்குச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

என்ன செய்யலாம்

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று நம் கதீட்ரலில் தொடங்கியபோது பல நாட்டுச் சபைகள் அதை வியந்து பார்த்தன. இன்று அதே சபையின் தலைமைத் தேர்தல் வழக்கு உயர் நீதிமன்றம் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போனதைப் பத்திரிகையில் படிக்கிறோம். பல சேகரங்களில் கமிட்டித் தேர்தல் வந்தால் சட்டசபைத் தேர்தல் தோற்றுப்போகும். பள்ளி வேலை, கல்லூரி இடம், நிலக் குத்தகை என்று சபைச் சொத்து பெருகப் பெருக நாற்காலிக்கு அடிதடி. மற்ற மதக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அவரவர் கோயில் நிலத்தின் கதை அவரவருக்குத் தெரியும்.

நீதிமன்றம் ஒரு எல்லை வரைதான் செய்ய முடியும். கீழே இருக்கும் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. அவை பெரிய தத்துவம் அல்ல, பழைய கணக்குப்பிள்ளை புத்திதான்.

காணிக்கையை ஆராதனை முடிந்த உடனே, இரண்டு குடும்பத்தைச் சேர்ந்த இருவராவது சேர்ந்து எண்ணி, தொகையை அன்றே பலகையில் எழுத வேண்டும். எண்ணுகிறவர்களை மாதாமாதம் மாற்ற வேண்டும். பொதுப்பணம், கட்டட நிதி, ஏழைகள் நிதி மூன்றும் மூன்று கணக்கு. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எடுக்கிறதானால் சபையைக் கூட்டிச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுத்துப் பெயர் வாங்கிவிட்டு அடுத்த அறுப்பு வரை பாக்கி வைக்கிறவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும், அந்தப் பாக்கியும் பலகையில் ஏற வேண்டும். தணிக்கைக் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வாய்விட்டு வாசிக்க வேண்டும், நகலை வாசலில் ஒட்ட வேண்டும். சபைப் பணத்தை வங்கி வட்டிக்கு மேல் ஆசைப்பட்டு எங்கும் போடக் கூடாது. நன்கொடை பெரிதாக வந்தால், கொடுப்பவர் ஏன் கொடுக்கிறார் என்று ஒருமுறையாவது கேட்க வேண்டும். ஆலைக்காரரோ, காண்டிராக்டரோ, கட்சிக்காரரோ கொடுக்கும் கோபுரத்தில் அவர் பெயர்க்கல் ஏறிவிட்டால், நாளைக்கு நம் ஆற்றில் சாம்பல் கலக்கும்போது பிரசங்க பீடத்திலிருந்து ஒரு வார்த்தை வராது. எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது கற்பனை அல்ல.

முக்கியமாக, கேள்வி கேட்கிறவரை விசுவாசமில்லாதவர் என்று சொல்லக் கூடாது. பவுலையே தனியாகப் பணம் எடுத்துப்போக விடாத சபைகள் விசுவாசமில்லாத சபைகளா? கேட்பது ஆயருக்கும் நல்லது. பப்ரீசியஸிடம் யாராவது வருடம் ஒருமுறை உட்கார்ந்து, "ஐயா, பேரேட்டை எடுங்கள், பார்ப்போம்" என்று கேட்டிருந்தால், அந்த மகான் சிறை வாசலை மிதித்திருக்கமாட்டார். நம் ஆட்கள் மரியாதை என்று நினைத்துச் சும்மா இருந்தது அவருக்குச் செய்த துரோகமாக முடிந்தது.

அவரை நான் குறைத்து எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர் அகராதி இன்னும் என் மேசையில் இருக்கிறது, பலமுறை திருத்தி விரித்த பிற்காலப் பதிப்பு. எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவ்வளவு கவனமாக எடைபோட்ட மனிதர், காசை எடைபோடும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டார். அந்த வேலை ஆயருடையது அல்ல, கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நம்முடையது.

உங்கள் ஊர்க் கோயிலில், சபையில், கணக்கைப் பலகையில் எழுதும் பழக்கம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். எந்த மதமானாலும் சரி. நல்ல முறை எங்கே இருந்தாலும் மற்றவர்களும் எடுத்துக்கொள்ளட்டும்.